முதல்வருக்குப் பக்கத்துக் கதிரை

நல்லூர்க் கந்தன் மகோற்சவம் தொடங்குமுன் ஆலயத்தார் கோயில் மரியாதையான காளாஞ்சியைக் கொண்டுவந்து யாழ்ப்பாண மாநகர சபையிடம் கையளிப்பது வழமை. முதல்வர், அதாவது மேயர், இருக்கும் ஆண்டில் அவரே ஏற்பார். 2023, 2024 போலத் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத ஆண்டில் மாநகர ஆணையாளர் ஏற்பார். பத்திரிகைப் படத்தில் யார் நின்றாலும், காளாஞ்சியோடு கூடவே வருகிற 25 நாள் வேலை போய்ச் சேர்வது ஆணையாளரின் மேசைக்குத்தான். பக்கவாத்தியக்காரரின் கைச்சுத்தத்தை அரை மணித்தியாலம் பேசித் தீர்க்கிற ஊர் எங்களுடையது. முதல்வருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஆணையாளரின் வாசிப்பைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது நெடுநாளைய மனக்குறை.

சில மேல்நாட்டு நகரங்களில் இந்தக் கதிரைக்கு உரியவர் மேயரின் சொந்த ஆள். லண்டனில் கென் லிவிங்ஸ்ரன் 2000 முதல் 2008 வரை மேயராக இருந்தபோது சைமன் பிளெச்சர் அவருடைய அலுவலகத்தின் தலைமை அதிகாரி. இப்படிப்பட்டவர்கள் மேயரோடு வருவார்கள், மேயரோடு போவார்கள். சென்னையில் நிலைமை நேர்மாறு. நிறைவேற்று அதிகாரம் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையாளரின் கையில் இருக்கிறது. இலங்கையின் 1947ஆம் ஆண்டு மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பிடித்தது. பிரதம நிறைவேற்று அதிகாரி முதல்வரேதான். ஆணையாளர் அவருடைய பணிப்பின்கீழ் நிர்வாகத்தை நடத்துகிற அரச உத்தியோகத்தர். முதல்வருக்குப் பிரத்தியேக செயலாளர் ஒருவர் இருப்பார், சபைக்குச் செயலாளர் ஒருவர் இருப்பார். ஆனாலும் முதல்வர் சொன்ன சொல்லை நடக்கிற காரியமாக்கும் பொறுப்பு ஆணையாளருடையது. முதல்வருக்கும் விசுவாசம், சட்டத்துக்கும் விசுவாசம். இரண்டையும் ஒரே பேனையால் எழுத வேண்டும். இந்தத் தொழிலின் அழகு முழுவதும் அந்த நெருக்கடியில்தான் இருக்கிறது.

திருவிழாவுக்கு வருவோம். கொடியேற்றத்துக்குப் பல நாள் முந்தியே ஒருங்கிணைப்புக் கூட்டம் கூடும். ஆலயத்தார், பொலிஸ், மின்சார சபை, போக்குவரத்துச் சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், தொண்டர் அமைப்புகள் என்று மண்டபம் நிறைந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோரிக்கை. வீதியை முழுக்க மூடு என்பார் ஒருவர். வீதியில் குடியிருக்கிறவர்கள் வீட்டுக்குப் போவது எப்படி என்று கேட்பார் இன்னொருவர். நல்ல ஆணையாளர் இந்தக் கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். கோரிக்கைகளைக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் வீதிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பருத்தித்துறை வீதி கோயில் வாசலால் போகிறது. அதை மறித்தால் பஸ் எந்தப் பக்கத்தால் சுற்றும்? செட்டித்தெருப் பக்கம் கடை கொடுத்தால் அம்புலன்ஸ் எதனால் உள்ளே வரும்? அங்கப் பிரதட்டை செய்கிறவர்களின் உடம்பு கிழியாமல் வெளிவீதிக்கு மணல் பரவ வேண்டும். வெயில் ஏறமுன் பவுசர் தண்ணீர் தெளித்து முடித்திருக்க வேண்டும். கடைக்கு இடம் கொடுப்பதில் கேள்விக் கோரல் நேர்மையாக நடக்க வேண்டும். கச்சான் கடைக்காரரின் பெட்டி தடுப்புக் கோட்டுக்கு ஓரடி வெளியே வந்தால், அதைப் பின்னுக்குத் தள்ளச் சொல்ல ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

24ஆம் நாள் தேர். பல இலட்சம் கால்கள் மிதித்துப் போன வீதியை, அடுத்த நாள் விடியத் தீர்த்தத்துக்கு வருகிற சனம் துப்புரவாகக் காண்கிறது. காண்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. குப்பை கிடந்தால்தானே கண்ணில் படும்! இரவோடு இரவாகக் கூட்டிய தொழிலாளிக்கு முதல் மரியாதை. அவருக்கு உழவு இயந்திரம் நேரத்துக்கு வந்ததும், மேலதிக நேரக் கொடுப்பனவு முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருந்ததும், மாற்று ஆள் ஆயத்தமாக நின்றதும் ஒரு மேசையில் பல நாளுக்கு முந்தி எழுதப்பட்ட குறிப்பால் வந்தவை. இந்தக் கலையில் தேர்ந்தவரின் கைவண்ணம் கண்ணுக்கே தெரியாது. ரசிகன்தான் தேடிக்கொண்டு போக வேண்டும்.

கோவை எழுதுவது இன்னொரு நயம். உறுப்பினர் ஒருவர் தன் வட்டாரத்தில் ஒரு ஒழுங்கையைத் திருத்தித் தரச் சொல்கிறார். முதல்வரும் சனத்துக்கு முன்னால் "செய்வோம்" என்று சொல்லிவிட்டார். கோவை திறக்கிறது. பொறியியலாளரின் மதிப்பீடு ஏறுகிறது. கணக்காளர் ஒரு கேள்வி போடுகிறார்: எந்தச் செலவினத் தலைப்பு? ஏற்பாடு இல்லை. சாதாரண அதிகாரி "நிதி இல்லை" என்று எழுதிக் கோவையை மூடிவிடுவார். அத்தோடு முதல்வர் சொல் தவறியவராகிறார். கைதேர்ந்தவர் வேறு மாதிரி எழுதுவார்: வடிகால் பராமரிப்பில் இந்த ஆண்டு இவ்வளவு மிச்சம் வரும், ஒழுங்கையின் வெள்ளவாய்க்காலை அதில் கட்டலாம், மேற்பரப்பை அடுத்த பாதீட்டில் முதலாவதாகச் சேர்க்கலாம், நிதிக்குழுவின் சிபாரிசு தேவை. நாலே வரி. முதல்வரின் வாக்கு காப்பாற்றப்பட்டது, கணக்காய்வாளருக்கும் பதில் இருக்கிறது, உறுப்பினருக்கும் சனத்திடம் சொல்ல ஒரு சங்கதி கிடைத்தது. முடியவே முடியாத காரியத்துக்கு அதே பேனை "சட்டத்தில் இடமில்லை" என்று தெளிவாக எழுதும். முதல்வர் கோபித்தாலும் அந்த வரி கோவையில் நிற்கும். பிறகு வழக்கு என்று வந்தால் முதல்வரைக் காப்பாற்றப்போவதும் அந்த வரிதான். தலைவருக்கு எழுத்தில் மறுப்புச் சொல்லும் துணிவை நான் இந்தத் தொழிலின் உச்ச அழகு என்பேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலுக்கு வந்த சோதனை வேறெங்கும் இலகுவில் வராதது. நகர சபையாக இருந்து 1949இல் மாநகரமான இந்தச் சபையின் முதல்வராயிருந்த அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் கொல்லப்பட்டார். 1983இலிருந்து 15 ஆண்டு இங்கே மாநகர சபைத் தேர்தல் இல்லை. 1998 தேர்தலில் முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் மே 17இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11இல், மாநகர சபைக் கட்டடத்திலேயே கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது குண்டு வெடித்து இறந்தார். கூட இருந்த பலரும் மாண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் பிறப்பு, இறப்பு, சந்தை, சுடலை, குழாய்த் தண்ணீர் எதுவும் நின்று பார்க்கவில்லை. ஆதன வரிப் பதிவேட்டை யாரோ ஒருவர் திறந்து எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

1981 ஜூன் 1 இரவு பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது மாநகர ஆணையாளர் சி. வி. கே. சிவஞானம். பிற்காலத்தில், 2013இல், வட மாகாண சபையின் அவைத்தலைவரானவர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலகம் மாநகர சபையின் சொத்து. ஊர் முழுக்கக் கண்ணீர் விட்ட அந்த நாட்களில், சபைக் கந்தோரில் இருந்தவர்கள் அழுதுகொண்டே வேலையும் பார்த்தாக வேண்டும். இழப்பைப் பதிய வேண்டும், எரிந்த சுவரைப் பாதுகாக்க வேண்டும், அன்பளிப்பாக வருகிற புத்தகத்துக்கும் காசுக்கும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். 1982இல் நூலக வாரம் வைத்து ஊர்ச்சனம் ஆயிரக்கணக்கில் புத்தகம் சேர்த்தது. 1984 அளவில் கட்டடம் ஓரளவு திருத்தப்பட்டிருந்தது. மறு ஆண்டே போர் அதை மறுபடி சிதைத்தது என்பதால், அந்த மூன்றாண்டு நிர்வாக உழைப்பை நாங்கள் மறந்துபோனோம். மறக்கத்தக்கது அல்ல அது. சாம்பலுக்கு நடுவில் கணக்கு எழுதிய கையும் வரலாற்றில் இடம்பெற வேண்டிய கை.

அண்மைக்காலச் சோதனை இரத்தமில்லாதது. 45 உறுப்பினர் கொண்ட சபையில் ஒரு கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இருக்கவில்லை. 2020 டிசெம்பரில் பாதீடு இரண்டு தரம் தோற்று முதல்வர் இம்மானுவல் ஆர்னோல்ட் பதவியிழந்தார். 30ஆம் திகதி வி. மணிவண்ணன் ஒரே வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார். நேற்றுவரை ஒருவரின் பாதீட்டுக்கு எண் கூட்டிக் கொடுத்த அதே உத்தியோகத்தர்கள், மறுநாள் அவரைத் தோற்கடித்தவருக்கும் அதே கரிசனையோடு எண் கூட்டிக் கொடுக்க வேண்டும். முந்தியவர் சொன்னதைப் பிந்தியவரிடம் காவிச் செல்லக் கூடாது. இந்த நாவடக்கத்தைப் பயிற்றுவிக்க எந்தப் பாடநெறியும் இல்லை. பழைய பிரதம எழுதுவினைஞர்களிடம் கூட இருந்துதான் பழக வேண்டும்.

அப்படிப் பழகிய பலர் இன்று ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள், சிலர் கோண்டாவிலில், சிலர் கொழும்பில், சிலர் ரொறன்ரோவில். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐயாமாரே, அம்மாமாரே, உங்கள் நாட்குறிப்புகளை எறிந்துவிடாதீர்கள். எந்த மழைக்காலத்தில் எந்த வாய்க்கால் உடைத்தது, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை பவுசர் ஓடியது, எந்த முதல்வருக்கு என்ன ஆலோசனை சொன்னீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். எழுதக் கை நடுங்கினால் பேரப்பிள்ளையிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துக்களை மின்னூலாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கோ, யாழ். பொது நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அந்தக் கதிரையில் வந்து இருக்கப்போகிற பிள்ளைக்கு அவை வேண்டும்.