யார் காசில் பாதுகாப்புச் சான்று?

‘ஐஎஸ்ஓ 45001 சான்று பெற்ற நிறுவனம்’ என்று பணியிடப் பாதுகாப்புத் தரநிலையைப் பறைசாற்றும் பலகை தொழிற்பேட்டை வாசல்களில் பெருகிவிட்டது. அப்படிப்பட்ட ஆலையில் விபத்து நடந்தால், “தரநிலை சரிதான், கடைப்பிடிப்பதில்தான் கோளாறு” என்று அந்தத் தரநிலையின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடைப்பிடிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வதற்குத்தானே சான்று?

தரநிலைகளின் பயனை மறுக்கவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வேலையை விட்டு விலகலாம், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981 உடன்படிக்கை சொல்கிறது. 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001, தொழிலாளரிடம் கலந்து பேச வேண்டும் என்கிறது. இரண்டும் நல்லவை.

ஆனால் கராச்சியை மறக்க முடியுமா? அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்டில், தொழிலாளர் நலன் குறித்த எஸ்ஏ 8000 சான்று கிடைத்தது. வழங்கியது இத்தாலியின் ரீனா நிறுவனம். செப்டம்பர் 11 அன்று ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. தீ வைக்கப்பட்டது என்று 2020இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கட்டும். கம்பியையும் பூட்டையும் தீ வைத்தவர்களா கொண்டுவந்தார்கள்? தணிக்கைக்கு வந்தவர் கண்ணில் முதலில் பட்டிருக்க வேண்டியவை அவை.

எஸ்ஏ 8000 வேறு தரநிலை. ஆனால் சான்று தரும் முறை ஒன்றே. ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பு தரநிலையை எழுதி விற்கிறது, சான்று தருவதில்லை. சான்றைத் தனியார் நிறுவனங்கள் தருகின்றன, கட்டணம் கட்டுவது ஆலை முதலாளி. ஒருவர் கண்டிப்புக் காட்டினால் அடுத்தவரிடம் போகலாம். தணிக்கையாளர் வரும் தேதியும் பெரும்பாலும் முன்பே தெரியும். அன்று காலை ஸ்டோர் ரூமிலிருந்து ஹெல்மெட்டும் மாஸ்க்கும் இறங்கும், வழியை அடைத்த அட்டைப்பெட்டிகள் மறையும். சான்று வரவேற்பறையில் தொங்கும். குறைகளைச் சொல்லும் அறிக்கை பொதுவில் வராது. இதைத் தணிக்கை என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின், ஆடை பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. பிராண்டுகளின் பணத்தில் பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்தார்கள். ஆலையின் பெயரோடு அறிக்கை வெளியானது. பழுதைச் சரிசெய்ய மறுத்த ஆலைக்கு ஆர்டர் நின்றது. அறிக்கையை வெளியிடும் அந்த ஒரு நிபந்தனையையாவது ஐஎஸ்ஓ 45001 சான்றுக்கு வைக்க என்ன தடை என்று ஆதரவாளர்கள் சொல்லட்டும்.