9 டாலர் டேக்கும் 130 டாலர் டேக்கும்

போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் பாட்டு வெறும் எண்களின் வரிசை. அதை ஆம்புக்குக் கொடுக்கக்கூடிய மின்னலையாக மாற்றுவது டேக் எனப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி. வீட்டில் ஓரளவு நல்ல ஆம்பும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவருக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் இதன் மேல்தான் வருகிறது. எந்த டேக்கின் சவுண்டு நன்றாக இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்த விலை டேக்குகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இன்று பெரிதாகப் பொருளில்லை என்பது என் முடிவு.

இரண்டு பொருட்களைத் தராசில் வைப்போம். ஒன்று, ஆப்பிளின் யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர். அமெரிக்காவில் 9 டாலர். விரல் நீள வயருக்குள் ஒரு முழு டேக்கும் சிறிய ஹெட்போன் ஆம்பும் இருக்கின்றன. இன்னொன்று, 2020-இல் சுமார் 130 டாலருக்கு வந்த டாப்பிங் இ30. யுஎஸ்பி, ஆப்டிகல், கோ-ஆக்சியல் மூன்று வழிகளும் ரிமோட்டும் உண்டு. அளவீட்டில் இ30 தெளிவாக மேல். அதன் இரைச்சலும் சிதைவும் சேர்ந்து இசைக்கு 110 டெசிபலுக்கும் கீழே கிடக்கின்றன. அடாப்டரில் 99-ஐ ஒட்டி நிற்கின்றன.

இந்த இடைவெளி காதுக்கு எட்டுமா? பாட்டின் உச்சம் 100 டெசிபலைத் தொடும்படி அலறவிட்டாலும் அடாப்டரின் குறை 1 டெசிபல் அளவில்தான் இருக்கும். மின்விசிறி சுற்றும் அறையின் ஓசை 40 டெசிபலுக்குக் குறையாது. சிடியின் 16 பிட்டே சுமார் 96 டெசிபல்தான் கொள்ளும். அனலாக் டேப்பில் பதிவான பழைய திரைப்பாட்டில் டேப்பின் இரைச்சல் சிடியின் இந்த எல்லைக்கும் மேலே நிற்கும். ஸ்பீக்கர் சத்தமாகப் பாடும்போது பேஸில் நூற்றுக்கு ஒரு பங்கு சிதைப்பது சாதாரணம்.

“நான் மாற்றி மாற்றிக் கேட்டேன், வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது” என்பவர் பொய் சொல்லவில்லை. தெரிந்தது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடாப்டர் அதிகபட்சம் ஏறத்தாழ 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்பது அதிலும் பாதிதான். மேசை டேக்குகள் 2 வோல்ட் தரும். ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகியதும் சத்தம் 6 டெசிபல் கூடிவிடுகிறது. ஒரு டெசிபலுக்கும் குறைவான ஏற்றத்தையே நம் காது சத்தம் என்று அறியாமல் தெளிவு, உயிரோட்டம் என்று எடுத்துக்கொள்ளும். கடையில் நடக்கும் ஒப்பீடுகள் பலவும் இங்கேயே தோற்றுப்போகின்றன. ஒழுங்காகச் செய்ய விரும்புகிறவர் 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் இரண்டுக்கும் வோல்டேஜைச் சமப்படுத்தட்டும். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்குள் வந்தால் போதும். பிறகு வேறொருவர் மாற்றிப் போட, எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேட்கட்டும்.

டேக்குக்குள் இருக்கும் சிப்பை எந்த நிறுவனம் செய்தது என்ற சண்டையையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஏகேஎம் சிப் மென்மை, ஈஎஸ்எஸ் சிப் கூர்மை என்பது இந்த வட்டாரத்தில் வேதவாக்கு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம்மின் தொழிற்சாலை எரிந்தது. சிப் கிடைக்காமல் பல நிறுவனங்கள் ஈஎஸ்எஸ் பக்கம் போயின. டாப்பிங்கின் டி90 ஏகேஎம் சிப்போடு வந்தது. 2021-இல் அதன் வாரிசான டி90எஸ்இ ஈஎஸ்எஸ் சிப்போடு வந்தது. கேட்கும் எல்லைக்குள் இரண்டின் அளவீடுகளும் நேர்கோடுதான். மென்மைக்கும் கூர்மைக்கும் அங்கே இடமில்லை.

சிடியைவிட உயர்தரம் என்று சொல்லும் ஹை-ரெஸ் முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரப் பதிவுகளின் நடுவே சிடி தரத்துக்கு இறக்கும் கருவியை நுழைத்துச் சோதித்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டினாலும் அதே விடை கிடைக்கும். அவர்கள் எடுத்த சில தட்டுகளின் மூலப்பதிவே உயர்தரம் இல்லை என்ற எதிர்ப்பு நியாயமானது. 2016-இல் ஆய்வாளர் ஜோஷுவா ரைஸ் இதுபோன்ற 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது சரியான விடை 52.3 விழுக்காடு; பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் சற்று அதிகம். ஆக, வித்தியாசம் ஏதோ இருக்கலாம். பட்ஜெட் பார்த்து வாங்குகிறவர் முதலில் துரத்த வேண்டியது அதுவல்ல.

காசு கொடுக்க வேண்டியது இணைப்புக்கு. இதில்தான் மலிவு அடாப்டர் தோற்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் முழுமையாக ஏறாது, பாதியிலேயே நின்றுவிடும். டிவியோடு அது சேராது. டிவியிலிருந்து ஆம்புக்குப் பாட்டும் படமும் கேட்க நினைக்கும் வீட்டில் ஆப்டிகல் இல்லாத டேக் பயன்படாது. பல டிவிகளில் ஆப்டிகல் வழியே போகும் சத்தத்தை டிவி ரிமோட் கூட்டாது, குறைக்காது. எழுந்து போய் ஆம்பைத் திருகத்தான் வேண்டும். அதனால் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிமோட் டேக்கில் இருப்பது ஆடம்பரம் ஆகாது. டிவி அமைப்பில் ஒலியைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டால் சாதாரண டேக்கிலிருந்து பாட்டு வராது. பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

அடுத்தது ஹம். கேபிள் டிவி வயர் செட்டாப் பாக்ஸில் இருக்க, பாக்ஸை ஆம்போடு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வரும். கேபிளைக் கழற்றினால் சட்டென்று நின்றுவிடும். மூன்று முள் பிளக் கொண்ட கம்ப்யூட்டரோடு ஆம்பைச் சேர்க்கும்போதும் இப்படி வரலாம். இரண்டு வழிகளில் எர்த் ஒன்றுசேர்ந்து வளையமாவதே காரணம். இதற்காக எர்த் முள்ளை ஒடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது. ஆப்டிகல் வயரில் போவது ஒளி, அதனால் அந்த இணைப்பில் வளையம் அறுந்துவிடும். என்னைக் கேட்டால் அந்த 110 டெசிபலைவிட இந்த ஆப்டிகல் துளைக்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

ஐபோன், மேக் அல்லது லேப்டாப்பிலிருந்து மட்டும் கேட்பவருக்கு யுஎஸ்பி-சி துளை இருந்தால் அந்த 9 டாலர் அடாப்டரே போதும். 300 ஓம் ஹெட்போனைக்கூடப் பெரும்பாலோருக்குப் போதுமான சத்தத்தில் அது ஓட்டிவிடும். டிவி இருக்கிறது, அல்லது ஹம் வருகிறது என்றால் ஆப்டிகல் உள்ள டேக் வாங்குங்கள். ரிமோட் வேண்டாமென்றால் 80 டாலருக்கு வந்த எஸ்எம்எஸ்எல் எஸ்யு-1 போன்றது. வேண்டுமென்றால் இ30 வகை. நம் ஊருக்கு வரும்போது சுங்கமும் ஜிஎஸ்டியும் சேரும். அதனால் இங்கேயே வாரண்டி தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். டேக்குக்கு அதைத் தாண்டி ஒதுக்கியிருக்கும் பணத்தை அப்படியே ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.