செவிவழி வளர்ந்த சிரிப்பு: லிங்கராஜபுரத்து ரசனையும் தமிழ்த் திரை நகைச்சுவை மரபுகளும்

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதனை எட்டாக வகுக்கும் தொல்காப்பியம் நகையையே முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள் என்கிறது. திரைப்பட நகைச்சுவையை நடிகர் பெயராலும் காலத்தாலும் பிரித்துப் பேசுவதே ரசிகர்களிடையே வழக்கம் எனினும், இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மரபுகளின் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெங்களூரில் 1809ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தபோது, மக்கள் தண்டு என்று அழைத்த அப்பகுதிக்கு ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், அதன் வடகிழக்கே அமைந்த லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கல்வி கற்பதால், தமிழை வீட்டிலே பேசியும் எழுத்தை வாசிக்க இயலாதவர்களாகவே வளர்கிறார்கள். லாவண்யா, முகுந்தா போன்ற திரையரங்குகளும், 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் அவர்களுக்குத் தமிழைக் காதில் போட்டன. ஆகவே இங்குள்ள ரசிகரின் உரைகல் செவிதான். திரையைப் பாராமல் அடுத்த அறையிலிருந்து கேட்டாலும் சிரிப்பு வருமானால் அதுவே தேர்ந்த நகைச்சுவை.

இந்த உரைகல்லில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) எளிதில் தேறுகிறார். நந்தனார் சரித்திரத்தைத் தழுவி அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், அதாவது கதையைப் பாட்டும் பேச்சுமாக அவையில் சொல்லும் முறையில் அமைந்த நிகழ்ச்சி, 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. சாதி இழிவை எள்ளி, கல்வியை உயர்த்திய அந்த நகைச்சுவையில் எள்ளப்படுபவர் ஒருபோதும் எளியவர் அல்லர். பின்வந்தோர் பலர் கைவிட்ட அளவுகோல் இது.

நாகேஷின் கலை உடலில் மட்டுமே இருப்பதாகக் கூறுவது பாதி உண்மையே. ஸ்ரீதர் இயக்கத்தில், சித்ராலயா கோபுவின் வசனப் பங்களிப்புடன் 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில், தான் எடுக்கப்போகும் படத்தின் பேய்க்கதையைச் செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் தந்தைக்குச் சொல்லும் காட்சியில் பேயும் இல்லை, இருளும் இல்லை. குரலின் ஏற்ற இறக்கமும் வாயால் எழுப்பும் ஓசைகளுமே அச்சத்தைக் கட்டி எழுப்புகின்றன. தந்தையாக எதிரே அமர்ந்து மெல்ல மெல்ல நடுங்கத் தொடங்கும் டி.எஸ். பாலையா இல்லையெனில் அக்காட்சி பாதியாகிவிடும். நகைச்சுவைக்குக் கேட்பவரும் நடிகரே என்பதை இதைவிட நன்கு உணர்த்திய காட்சி தமிழில் இல்லை. மறு ஆண்டு வந்த 'திருவிளையாடல்' படத்தில் அவர் நடித்த ஏழைப் புலவர் தருமியிலோ, வறுமையும் ஆசையும் தன்னிரக்கமும் கலந்து சிரிப்பே துயரமாகிறது. தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து தமிழில் இவ்வளவு உயர்ந்த ஒருவரை, இருமொழிச் சூழலில் வாழும் லிங்கராஜபுரத்தார் தம்மவராகக் கருதுவது இயல்பே.

'கல்யாண பரிசு' (1959) தங்கவேலு, ஒரு பொய்யைக் காக்க மறுபொய் சொல்லும் நாடக மேடை முறையைச் சேர்ந்தவர். அம்முறையின் சொல் விளையாட்டை அடுத்த தலைமுறையில் உச்சிக்குக் கொண்டு சென்றவர் கிரேசி மோகன்.

மடன் என்பதற்கு, ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாதிருத்தல் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். அதற்கு 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஏ. வீரப்பன் எழுதிய அக்காட்சியில், வாங்கிய இரண்டு பழங்களில் ஒன்றைத் தின்றுவிட்ட செந்தில், மற்றொன்று எங்கே என்ற கேள்விக்கு ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்ல, கவுண்டமணியின் சினம் படிப்படியாக ஏறுகிறது. இவ்வாறு மூலக்கதையோடு ஒட்டாமல் தனியே எழுதிச் சேர்க்கும் பகுதியைத் திரையுலகம் காமெடி டிராக் என்கிறது. இந்த இணையரின் தாள உணர்வு மறுக்க முடியாதது. ஆயினும் நிறத்தையும் உருவத்தையும் பழித்துச் சிரிப்பு வரவழைத்த இடங்கள், கலைவாணரின் அளவுகோலில் தேறமாட்டா.

வடிவேலு இத்திசையை மாற்றி, அடி வாங்குபவரையே நாயகராக்கினார். 'வின்னர்' (2003) படத்துக் கைப்புள்ளையின் வீறாப்பும் தோல்வியும் பேதைமையின் முழு வடிவம். 'ஃபிரெண்ட்ஸ்' (2001) படத்து ஒப்பந்ததாரர் நேசமணிக்காக, பதினெட்டு ஆண்டுகள் கழித்து 2019 மே மாதத்தில் உலகெங்குமுள்ள தமிழர் இணையத்தில் விளையாட்டாகப் பிரார்த்தித்தது அவருடைய வீச்சைக் காட்டும். வட ஆர்க்காட்டுப் பேச்சும் கன்னடச் சொற்களும் கலந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு மதுரைத் தமிழ் வடிவேலுவாலும், கொங்குத் தமிழ் கவுண்டமணியாலும் அறிமுகமாகின்றன. எந்தப் பாடநூலும் செய்யாத பணி இது.

தமிழ் எழுத்தறியாத பிள்ளைகள் காட்சிகளை வரி பிசகாமல் ஒப்பிக்கும் இந்த ஊரில், அந்த மனப்பாடத்தை வீணாக்கலாகாது. லிங்கராஜபுரத்துப் பெற்றோரும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும், பிள்ளைகள் ஏற்கெனவே நெஞ்சில் வைத்திருக்கும் நகைச்சுவை வசனங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, தமிழ் வாசிப்பின் முதல் பாடத்தை அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.