ஆதிரையின் தீயும் நாகர் தலைவன் கள்ளும்

மணிமேகலையின் 30 காதைகளுள் 16-ஆவதாக நிற்பது ஆதிரை பிச்சையிட்ட காதை. உ. வே. சாமிநாதையர் 1898-இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்த நாள்தொட்டு இக்காதையைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இரு பொருள்களையே எடுத்துப் பேசினர். ஒன்று தீயும் சுடாத ஆதிரையின் கற்பு. மற்றொன்று சாதுவன் வாயிலாகச் சாத்தனார் உரைக்கும் மறுபிறப்புக் கொள்கை. முன்னது பெண்மைக்குச் சான்றாயிற்று. பின்னது பௌத்தத்துக்குச் சான்றாயிற்று. காதை நடுவே பிளவுண்டது. பிளவாமல் ஒன்றாக வைத்து நோக்கின், சாவை நாடிய ஒருத்தி மீண்டதும், கள்ளையும் ஊனையும் விட இயலாத ஒருவன் ஒரு நெறியிற் பட்டதும் ஒரே வினாவுக்குரிய விடைகளாதல் புலனாகும். தன்னழிவை நோக்கிச் செல்லும் உயிரைத் திருப்புவது யாது என்பதே அவ்வினா.

சாதுவன் கணிகையாலும் சூதாலும் கைப்பொருள் முழுதும் இழந்து, வாணிகரோடு கலமேறிச் சென்றவன். கலம் கவிழ்ந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி, நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்தான். பிழைத்து மீண்ட சிலர் அவனும் மாண்டான் என்று புகாரில் உரைத்தனர். அது கேட்ட ஆதிரை ஊராரை விளித்து ஈமத்தீ தருமாறு வேண்டினாள். அடுத்து நாம் காண்பது மூண்டெரியும் தீயே. ஊரார் அவளைத் தடுத்தனர் என்றோ, அருகிருந்து ஆற்றினர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. இம்மௌனத்தைக் கவிஞர் சுருங்கச் சொல்லும் முறைமை என்று கொண்டு கடந்து செல்லலாம். யாம் அங்ஙனம் கருதவில்லை. கூற வேண்டுவனவற்றை விரித்தே கூறும் இயல்பினர் சாத்தனார்.

புறநானூற்று 246-ஆம் பாட்டில் நிலை வேறு. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயத் துணிந்தபோது சான்றோர் பலர் கூடி விலக்கினர். அவளோ அவர்களைத் தீய சூழ்ச்சியுடையோர் என்றே இகழ்ந்தாள். அவள் காட்டும் காரணத்தை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கணவன்பால் கொண்ட காதலோடு, கைம்மை வாழ்வின் உணவும் படுக்கையும் எத்தகையன என்பதையும் அவள் எடுத்துரைக்கிறாள். நெய்யற்ற சோறும், வேளைக்கீரையும், பாயில்லாத பரற்கல் படுக்கையுமே அவளுக்கு எஞ்சியிருந்த வாழ்வு. சாவை விலக்கிய சான்றோர் வாழ்வு எதனையும் அவள் கையில் தரவில்லை. அவர்தம் அருள் மெய்யே; ஆயினும் அவர் காத்துவந்த வழக்கமே அவளைத் தீக்கு அனுப்பியது. இப்பாட்டைக் கற்பின் பெருமைக்கு மட்டும் மேற்கோளாக்கும் பாடநூல்கள் இவ்வுணவையும் படுக்கையையும் விட்டுவிடுதல் பொருந்தாது.

ஆதிரையைத் தீ சுடவில்லை. அப்போது அவள் மகிழ்ந்தாளில்லை. தீயும் கொல்லாத தீவினையுடையேன் என்று தன்னையே நொந்தாள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தோர் பிழைத்தமைக்கே நாணும் அவலத்தைத் தமிழில் இத்துணைத் தெளிவாகக் காட்டும் இடம் பிறிதொன்றை யாம் அறியோம். எழுந்த அசரீரி அவளைக் கடியவில்லை. அவள் கற்பைப் புகழவும் இல்லை. கணவன் இருக்குமிடம் இது, அவன் வரப்போகும் கலம் சந்திரதத்தன் என்னும் வாணிகனுடையது, துயர் ஒழிக என்று மட்டுமே கூறியது. அவளுக்குக் கிட்டியது செய்தி. அதனைப் பற்றிக்கொண்டு அவள் இல்லம் மீண்டு அறம் பல செய்தாள்.

இங்கே ஒரு தடை எழும். கணவன் உயிரோடிருந்தமையால் அன்றோ அசரீரி பேசிற்று? உண்மையிலேயே அவன் மாண்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? இவ்வினாவுக்கு இக்காதையில் விடையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடை 2-ஆம் காதையாகிய ஊரலர் உரைத்த காதையில் உள்ளது. கோவலன் இறந்தது கேட்டும் உயிர் நீங்காமல் நின்றமைக்கு மாதவி நாணுகிறாள். கணவனோடு உடன் மாய்தல், தீப்புகுதல், கைம்மை நோற்றல் எனப் பத்தினியர்க்குரிய முறைகளை வயந்தமாலையிடம் அடுக்கிச் சொல்பவளும் அவளே. ஆனால் அவள் சென்றது தீக்கன்று. அறவண அடிகளின் திருவடிக்கே. அவள் துயரைச் சொன்னாள்; அடிகள் கேட்டார்; கேட்ட பின்னரே வாய்மைகளை உரைத்தார். கேட்டல் முன்னும் உரைத்தல் பின்னுமாக அமைந்த இவ்வரிசையை யாம் தற்செயலாகக் கருதவில்லை. 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தொண்டர்கள் முதற்கண் செய்வதும் செவிசாய்த்தலே.

இனிக் காதையின் பிற்பகுதி. உறங்கிக்கிடந்த சாதுவனை உணவாக்க நாகர் நெருங்கினர். அவன் அவர்தம் மொழி அறிந்தவன். ஆதலின் உயிர் பிழைத்தான். தலைவன் இரங்கிக் கள்ளும் ஊனும் நங்கையும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் மறுத்து, மயக்கும் கள்ளையும் கொலையையும் அறிவுடையோர் விலக்கியதன் காரணத்தைக் கூறினான். தலைவன் உடன்பட்டானில்லை. உடம்பை விட்ட உயிர் எவ்வாறு மற்றோரிடம் புகும் என்று எதிர்வினவினான். சினவாது கேட்குமாறு வேண்டிச் சாதுவன் விடை கூறினான். கள்ளுண்டு களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தலை, நீருள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பிட்டு நம்பிக்கையிழந்தவர் வள்ளுவர். சாத்தனார் அவ்வளவு விரைந்து கைவிடவில்லை.

பின் தலைவன் கூறுவதே இக்காதையின் உயிர்நிலை. கள்ளையும் ஊனையும் கைவிட்டால் இவ்வுடம்பில் உயிரைக் காக்க மாட்டேன். சாகும்வரை எமக்கு இயன்ற அறம் எதுவோ அதனைச் சொல் என்கிறான் அவன். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடுமென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் உண்டாகும், சிலபோது உயிருக்கும் இறுதி நேரும் என்பது இன்றைய மருத்துவம் அறிந்த உண்மை. சாதுவன் அவனை இகழவில்லை. நன்று சொன்னாய் என்று பாராட்டுகிறான். பின் கட்டளையிட்டவை இரண்டே: கலம் உடைந்து வருவோரைக் கொல்லாது காக்க, மூத்து இறந்த விலங்கை அன்றிப் பிறவுயிர்க்குத் தீங்கு செய்யற்க. கள் இங்கே பெயர் சொல்லி விலக்கப்படவே இல்லை! பஞ்சசீலத்துள் ஐந்தாவது கள்ளுண்ணாமை. அதனைப் பாடும் கவிஞரோ முழுப் பௌத்தர். தீங்கு என்னும் பொதுச்சொல்லில் கள்ளும் அடங்கும் என்று உரைப்பார் உரைக்கலாம். அது வலிந்து கொள்ளும் பொருள் என்பதே எம் கருத்து. விடமுடியாததை விடு என்னாது, செய்யக்கூடியதைச் செய் என்று தொடங்கியவன் சாதுவன். அத்தொடக்கமும் பிறரைக் காக்கும் தொழிலாகவே அமைந்தது.

அறிவுரை கூறியவன் குற்றமற்ற முனிவன் அல்லன் என்பதையும் மறத்தலாகாது. அவன் குடித்தான் என்று நூல் கூறவில்லை. ஆயினும் சூதிலும் காமத்திலும் தன்னை இழந்து, அலையில் அலைந்து, கரையொதுங்கியவன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் ராபர்ட் ஸ்மித் என்னும் குடிநோயாளர் இருவர் ஒருவரையொருவர் தாங்கி நின்றதிலிருந்தே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி. டி. ரங்கநாதன் ஆய்வு நிலையம் 1989 முதல் காவிரிப் படுகையிலுள்ள மஞ்சக்குடியில் ஊரார் துணையோடு குடிநோய் நீக்கும் முகாம்களை நடத்தியது. சாத்தனார் பாடிய புகாரும் அப்படுகையிலேயே உள்ளது.

ஊரார் மௌனம் பற்றி மேலே கூறினோம். நாதமுனிகள் பிறந்த காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர் இரண்டில் பூச்சிமருந்தை வீட்டில் வையாது பொதுக் காப்பகத்தில் பூட்டி வைக்கும் முறை செய்து பார்க்கப்பட்டது. அம்முறை மக்கள் ஏற்கத்தக்கது, நடைமுறைக்கும் இயல்வது என 2013-இல் வெளிவந்த ஆய்வு கண்டது. ஆய்வு சிறிது, மிகைபடக் கூறலாகாது. இலங்கையின் அநுராதபுர மாவட்டத்தில் 180 ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றுட் பாதியில் வீடுதோறும் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த பேராய்வோ, அதனால் பயன் விளையவில்லை என்று 2017-இல் தெரிவித்தது. பெட்டியொன்றே போதும் என்பார்க்கு இது தக்க விடை. தற்கொலை முயற்சியைத் தண்டித்த 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. பிழைத்தவரைக் கடியாத அசரீரியின் முறைமைக்குச் சட்டம் வந்துசேர இத்துணைக் காலம் ஆயிற்று.

இறுதியாக, அமுதசுரபியில் முதற்பிச்சை இடத்தக்கவள் ஆதிரையே என்று காயசண்டிகை கூறுவது ஏன்? கற்பின் சிறப்பால் என்பதே வழக்கமான விடை. 14-ஆம் காதையைச் சேர்த்துப் படித்தால் மற்றொரு காரணமும் தோன்றும். அப்பாத்திரத்தை முன்பு ஏந்தியவன் ஆபுத்திரன். மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாமையால் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாது உயிர் துறந்தான். சோறு குறையாத கலம் கையில் இருந்தும், உண்பார் இன்மையால் மாண்டவன் அவன். அதே கலம் மணிமேகலையின் கைக்கு வந்து, ஆதிரையின் வாயிலில் நிற்கிறது. உலகெங்கும் பசிப்பிணி நீங்குக என்று சொல்லி அதில் முதற்சோறு இடுபவள், ஈமத்தீயிலிருந்து வீடு திரும்பியவள்.