கொடுத்த துணியும் தைத்த துணியும்

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது பழமொழி. எம்.ஏ. தமிழ் வகுப்பில் இதற்கு விளக்கம் சொன்ன பேராசிரியர் ஒருவர், தமிழனின் தூய்மை உணர்வுக்கு இது சான்று என்றார். நாங்களும் நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்தக் கந்தை எங்கிருந்து வந்தது, யார் உடுத்திக் கழித்தது, அதைக் கசக்க எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்டார்கள் என்ற கேள்விகள் அந்த வகுப்பில் எழவில்லை. கசக்கிக் கட்டுவதோடு பழமொழி நின்றுவிடுகிறது. கந்தையை வைத்து எங்க பொம்பளைங்க வேற ஒண்ணும் செஞ்சாங்க. அதைத் தமிழ் இலக்கியம் கண்டுகொள்ளவில்லை. நம் இயக்க மேடைகளும் கண்டுகொள்ளவில்லை.

பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கிற விரிப்பைத்தான் சொல்கிறேன். மராத்தியில் அதற்குக் கோதடி என்று பெயர். கன்னடத்தில் கௌதி. தெலுங்கில் பொந்த. வங்காளத்தில் காந்தா. நம்முடைய 'கந்தை'யும் வங்காளிகளின் 'காந்தா'வும் ஒரே வடசொல்லில் இருந்து வந்தவை. அங்கே அது ஒரு கலையின் பெயர். இங்கே அது வசவு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அதற்குத் தனிப் பெயரே கிடையாது. 'சேல விரிப்பு' என்பார்கள், அவ்வளவுதான். பெயர் வைக்காத ஒன்றை யாரும் கலை என்று எண்ணுவதில்லை.

பதினோரு வயதில் எங்க அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்தேன். இன்றுவரை விடவில்லை. கூட்டத்துக்குப் போன ஊரிலும் பையில் ஊசியும் நூல்கண்டும் இருக்கும். ஆகவே தள்ளி நின்று பார்த்து எழுதுகிற கட்டுரை அல்ல இது.

வேலை இப்படி. நடுவில் கிழிந்த சேலைகள் நாலைந்து. மேலும் கீழும் இழை தாங்குகிற சேலை ஒவ்வொன்று. நூல் சேலையாக இருக்க வேண்டும். நைலக்ஸ் ஊசிக்கு நழுவும். சேலையில் உடம்பு உட்கார்ந்து எழுகிற இடம்தான் முதலில் இத்துப்போகும். கரையும் முந்தியும் கெட்டியாக நிற்கும். இத்த இடத்துக்கு ஒட்டு. கரையைத் தனியாகக் கிழித்தெடுத்து நாலு ஓரத்துக்கும் விளிம்பு. மூலைக்கு ஒரு கல் வைத்து இழுத்துப் பரப்பி, முதலில் பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு விரலகல இடைவெளியில் வரிவரியாக ஓட்டத் தையல். காட்டு வேலை இல்லாத நாளில், வேப்ப மர நிழலில், நாலு மூலைக்கு நாலு பேர். ஒரு மாசம்கூட ஆகும். மழைக் காலத்தில் மண் தரையின் ஈரம் ஏறாமல் பிள்ளைகளைக் காத்தது இந்த விரிப்புதான்.

எந்தத் துணி மேலே, எந்தத் துணி உள்ளே என்பதில் ஒரு சட்டம் உண்டு. சம்சாரி வீட்டு அம்மா உடுத்திக் கழித்துக் கொடுத்த சேலை உள்ளே போகும். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்குக் கிடைத்த சேலை பெரும்பாலும் அடிப்பக்கம். சொந்தக் காசில் எடுத்த சேலை ஒன்று இருந்தால், எவ்வளவு நைந்திருந்தாலும், அதுதான் மேலே வரும். அம்மாச்சி இதற்குக் காரணம் சொன்னதில்லை. 'அத மேல போடாத, உள்ள வை' என்று மட்டும் சொல்லும். கொடுத்தவர்கள் கொடுத்தது உள்ளே பஞ்சாகிவிடும். சம்பாதித்தது முகமாக நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் எழுதிய சமூக விமர்சனமாகவே இதை வாசிக்கிறேன்.

*

கழித்த துணியை உடுத்துவது வறுமையால் வந்தது என்று நினைப்பவர்கள் மனுவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு விதிக்கிற உடை, செத்தவர்களின் துணி. அதே அத்தியாயம் சூத்திர வேலையாளுக்கு எச்சில் சோற்றையும் பழந்துணியையும் கொடுக்கச் சொல்கிறது. ஆக, கந்தல் ஒரு சட்டம். யார் உடம்பில் எது கிடக்க வேண்டும் என்று எழுதிவைத்த சட்டம்.

இதே இரண்டு பொருளும், அதாவது மிச்சச் சோறும் களைந்த துணியும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலும் வருகின்றன. பெருமாள் உடுத்திக் களைந்த ஆடையை உடுத்துவதும், அவர் கலத்தில் மிஞ்சியதை உண்பதும், அவர் சூடிக் களைந்த துளசியைச் சூடுவதும் தொண்டர்களின் பெருமை என்கிறார் ஆழ்வார். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க மதுரைக்குப் போகிறது. களைந்தது அங்கே பிரசாதம். நான்கு தெரு தள்ளி, சேரியில், களைந்தது இழிவு. என்ன வித்தியாசம்? ஆழ்வார் கேட்டு வாங்கினார். எங்க சனங்களுக்கு வேறு எதுவும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பக்தி இலக்கியத்தில் 'அடிமை' என்ற சொல் அவ்வளவு இனிப்பதற்குக் காரணம், அதைச் சொன்னவர்கள் யாருக்கும் அடிமையாகப் பிறக்காததுதான்.

1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். நாடே வியந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஜே.எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-ல்தான். களைவதற்கு ஒருவருக்குச் சுதந்திரம் இருந்தது. உடுத்துவதற்கு எங்களுக்கு இல்லை. 1927-ல் மஹத்தில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோது, சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டுவதை விடச் சொன்னது இதனால்தான். அவர் கோட்டும் சூட்டும் அணிந்ததும் இந்தச் சட்டத்துக்கு எழுதிய பதில்தான்.

இந்தப் பின்னணியில் கரிசக்காட்டைப் பாருங்கள். பருத்தி எடுத்தவள் எங்க அம்மாச்சி. ராஜபாளையத்தில் 1936-லேயே நூற்பாலை வந்துவிட்டது. நூல் போட்டதும் உழைக்கிற சனம்தான். சத்திரப்பட்டியில் தறி ஓட்டி உலகத்துப் புண்ணுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்வதும் உழைக்கிற சனம்தான். பஞ்சிலிருந்து துணிவரை இத்தனை கைகள். ஆனால் அந்தத் துணி அம்மாச்சி கைக்கு வந்து சேர்ந்தபோது அது பழசாகியிருந்தது. அவளிடம் பாக்கி இருந்தது ஊசி ஒன்று. கொடுத்த துணியை அப்படியே உடுத்தினால் மனு சொன்னபடி நடந்ததாகிறது. அதைக் கிழித்து, அடுக்கி, ஒட்டி, தைத்த பிறகு இருப்பது எவரும் கொடுத்த பொருள் அல்ல. துணி அவங்களது, தையல் எங்களது.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. புத்த பிக்குகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணிகளை எடுத்துத் துவைத்து ஒட்டுப் போட்டு உடுத்தினார்கள். மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகக் கிடப்பதைக் காட்டி, அதே மாதிரி துணியை வெட்டி இணைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநய நூல் சொல்கிறது. ஆனந்தர் செய்து காட்டினார். சீவர ஆடையின் அமைப்பு அதுதான். எந்தச் செத்தவன் துணியை மனு இழிவின் அடையாளம் ஆக்கினாரோ, அதே துணியைப் பௌத்தம் மதிப்பின் அடையாளம் ஆக்கியது. அரசகுமாரனும் நாவிதனும் ஒரே ஒட்டுத்துணியில் நின்றார்கள். அயோத்திதாசர் வழியிலும் அம்பேத்கர் வழியிலும் நாம் பௌத்தத்தைப் பேசும்போது, தத்துவத்தோடு இந்தத் தையலையும் பேசலாம்.

*

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் வாழ்கிற ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் வேலைக்காரச் சட்டை, கால்சட்டைத் துணிகளை ஒட்டிப் போர்வை தைத்தார்கள். ஓட்டுரிமைக்காக அவர்கள் கிளம்பிய 1960களில் ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. அது திரும்ப ஓடியது 2006-ல். 1966-ல் அந்த வட்டாரப் பெண்கள் 'விடுதலைத் தையல் கூட்டுறவு' ஒன்றைத் தொடங்கினார்கள். 2002-ல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் ஏறின. நவீன ஓவியத்துக்கு நிகர் என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். 2006-ல் தபால்தலையும் வந்தது. 2007-ல், தங்களுக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று தைத்த பெண்களில் மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு அது முடிவுக்கு வந்தது.

இந்தப் பாராட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஓவியத்துக்கு நிகர்' என்றால் அளவுகோல் இன்னும் அந்த ஓவியன் கையில்தான் இருக்கிறது. சுவரில் தொங்குகிற போர்வைக்குக் கீழே எந்தப் பிள்ளை தூங்கியது என்ற கேள்வி கழன்றுவிடுகிறது. வடகன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் 'கவாண்டி' தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள். ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து 'பூ' வைக்காவிட்டால் வேலை முடிந்ததாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பூ வைப்பதால் குளிர் குறையப் போவதில்லை. தேவைக்கு மேல் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். அழகு என்பது வயிறு நிறைந்தவர்களின் சங்கதி என்று சொல்லும் நம் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தலித் எழுத்தை வாசிக்கவும் இந்தத் தையல் உதவும். பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தபோது இது நாவலா, தன்வரலாறா, வடிவம் எங்கே என்று கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் புதுப்பட்டியின் பேச்சிலேயே எழுதிய நூல். பிறப்பு முதல் இன்றுவரை என்று ஒரே கோட்டில் அது போவதில்லை. ஒரே வாழ்க்கையை வேலை, படிப்பு, கோயில், மடம் என்று திரும்பத் திரும்ப வேறு வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது. இத்துப்போன இடத்தில் மறுபடி மறுபடி நூல் ஓடுகிறது. முழுத் துணி கையில் இருப்பவன் கேட்கிற வடிவத்தை, துண்டு துண்டாகப் பிடுங்கப்பட்ட வாழ்க்கையிடம் கேட்பது என்ன நியாயம்? ஒட்டுத் தெரிவது குறை அல்ல. ஒட்டு தெரிய வேண்டும். எங்கே கிழித்தார்கள் என்று அதுதான் காட்டும்.

*

இவ்வளவு சொன்ன பிறகும் எங்க அம்மாவுக்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் ஊசி எடுத்தாலே அதுக்குக் கோபம் வரும். 'நாங்கதான் கந்தல்ல கெடந்தோம், நீயுமாடி? எம்.ஏ. படிச்சது இதுக்கா?' என்று கேட்கும். முதல் சம்பளத்தில் நான் எடுத்துக் கொடுத்த கம்பளியை மடித்துப் பெட்டிக்கு மேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறது. தெருவில் பல வீடுகளில் பழைய விரிப்புகளைப் போகிக்கு எரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எரிப்பதற்கும் ஒரு உரிமை இருக்கிறது. அடையாளத்தை எரிக்கிறார்கள், துணியை அல்ல.

ஆனால் இன்னொரு பக்கம் நடப்பதையும் பார்க்கிறோம். நகரத்துக் கடைகளில் இதே ஒட்டுத் தையல் 'பழமை', 'இயற்கை' என்ற பேரில் பல ஆயிரத்துக்கு விலை போகிறது. தைத்தவள் பேர் அதில் இல்லை. கந்தல் என்று ஒதுக்கிய பார்வையும், வறுமையின் அழகு என்று கொண்டாடுகிற பார்வையும் ஒன்றுதான். இரண்டிலும் தைத்தவள் காணாமல் போகிறாள். கை கூசாமல் நாம் எரித்ததை, கை கூசாமல் அவர்கள் விற்கிறார்கள்.

நம்மிடமும் கேள்வி இருக்கிறது. 1990களில் தலித் கலை விழாக்களில் பறையை மேடையேற்றினோம். சாவுக்கு அடிக்கிற இழிவு என்றதை விடுதலையின் இசையாக மாற்றினோம். அது பெரிய காரியம். ஆனால் மீட்டெடுத்த பட்டியலில் பெண்கள் வீட்டுக்குள் இருந்து செய்த எது இருக்கிறது? தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. வாயால் செய்தது வந்துவிட்டது. கையால் செய்தது வரவில்லை. பறை தெருவில் கேட்கும், விரிப்பு பாயோடு சுருட்டி மூலையில் கிடக்கும். தெருவில் இருப்பதுதான் பண்பாடு என்றால், அந்தப் பண்பாடு ஆம்பளைப் பண்பாடு.

என் கோரிக்கை இதுதான். தெருவுக்கு ஒரு விரிப்பாவது எரிபடாமல் இருக்கட்டும். தைத்தவரின் பேர், ஊர், எந்தச் சேலை எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு மாணவர்கள் எழுதி வைக்கட்டும். அந்த விவரத்தைச் சொல்லக்கூடிய கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தளவாய்புரத்து நைட்டிக் கூடங்களில் மிஞ்சுகிற வெட்டுத்துணியில் இன்றைக்கும் சிலர் தைக்கிறார்கள். அவர்கள் விற்க விரும்பினால் விலையை அவர்களே சொல்லட்டும். விற்க வேண்டாம் என்றால் அதையும் அவர்களே சொல்லட்டும். புதுத் துணி எடுக்க வக்கு இருந்தும் ஒருத்தி பழந்துணியை எடுத்துத் தைக்கிறாள் என்றால், அப்போதுதான் அது அவளுடைய விருப்பம் ஆகிறது. எல்லாப் பெண்ணுக்கும் அந்தப் புதுத் துணி முதலில் வரட்டும். அதுவரைக்கும் கந்தலின் அழகைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.