மைதானம் பிடித்துக்கொண்ட மெட்டு

2003 அக்டோபர் 22. நடப்பு ஐரோப்பிய சாம்பியன் ஏசி மிலானை அதன் சொந்த மண்ணான சான் சிரோவிலேயே 1-0 என்று சாய்த்தது பெல்ஜியத்தின் கிளப் புரூஜ். ஒரே கோலை அடித்தவர் பெரு வீரர் ஆண்ட்ரேஸ் மெண்டோசா. ஆட்டத்துக்கு முன் மிலான் மதுக்கடை ஒன்றில் காதில் விழுந்த ராக் பாட்டின் மெட்டை, புரூஜ் ரசிகர்கள் அன்று கேலரியில் வார்த்தையே இல்லாமல் முழங்கினார்கள். அந்த முழக்கம் இன்றுவரை ஓயவில்லை.

பாட்டு, தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘செவன் நேஷன் ஆர்மி’. டெட்ராய்ட் நகரத்து இருவர் குழு அது. கிட்டாரும் குரலும் ஜாக் வைட், டிரம்ஸ் மெக் வைட். 2002 ஜனவரியில் மெல்போர்னின் கார்னர் ஹோட்டலில், கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனையின்போது ஜாக் விரலில் இந்த மெட்டு வந்து விழுந்தது. ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு இசையமைக்க அழைப்பு வந்தால் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்தார். அழைப்பு வரும் நம்பிக்கை இல்லாததால் தன் குழுவுக்கே பயன்படுத்திக்கொண்டார். 2008-ல் பாண்ட் பாட்டு வாய்ப்பு நிஜமாகவே அவருக்கு வந்தது தனிக்கதை.

2002 ஏப்ரலில் லண்டனின் டோ ராக் ஸ்டுடியோவில் பதிவு. எட்டே டிராக் கொண்ட நாடா இயந்திரம்; கம்ப்யூட்டருக்கு இடமே இல்லை. பாட்டின் தொடக்கத்தில் பேஸ் போல உறுமுவது பேஸ் கிட்டார் அல்ல. சாதாரண கிட்டாரின் ஒலியை வாமி பெடல் வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார் ஜாக். இதை சிங்கிளாக வெளியிட இசை நிறுவனத்துக்கு மனமில்லை. வேறு பாட்டைச் சொன்னது. ஜாக் விட்டுக்கொடுக்கவில்லை. 2003-ல் வெளியானது. மறு ஆண்டு சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருதும் கிடைத்தது.

எத்தனையோ ராக் பாடல்கள் இருக்க, மைதானம் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தது? மற்ற பாடல்களில் பல்லவி வரும் இடத்தில் இதில் பாட்டே கிடையாது. குரல் நின்று, கிட்டார் மெட்டு மட்டும் பெருத்து எழுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் எண்பதாயிரம் தொண்டைகள் புகுந்துகொள்கின்றன. மெட்டில் ஏழே ஒலிகள்; பாடத் தெரியாதவருக்கும் எட்டும் உயரம்; எந்த மொழிக்காரரும் ‘ஓ ஓ’ என்று சேர்ந்துகொள்ளலாம்.

ஆனால் அந்தக் கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைப்பது மெக்கின் டிரம்ஸ். சீரான, ஒரே அளவான அடி. நடக்கும் கால்களும் தட்டும் கைகளும் தானாக அதில் விழும். அவர் வாசிப்பு பாமரத்தனமானது என்று காலமெல்லாம் ஏளனம் செய்தார்கள். கைவரிசை காட்டும் ஒரு டிரம்மர் அங்கே நாலு உருட்டல்களைச் சேர்த்திருந்தால், கேலரியின் ஒரு மூலை முந்தியிருக்கும், மறு மூலை பிந்தியிருக்கும்.

2006 பிப்ரவரியில் புரூஜுடன் மோதிய ரோமா ரசிகர்கள் மெட்டை மீண்டும் இத்தாலிக்கே கொண்டுபோனார்கள். அதே ஜூலையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது தெருவெங்கும் அதுதான். இரண்டு ஆண்டு கழித்து யூரோ போட்டியில் வீரர்கள் களமிறங்கும் இசையே அதுவானது.

மெட்டைப் போட்ட ஜாக்குக்குப் புகழ் போய்ச் சேர்ந்துவிட்டது. என் கணக்கில் இந்தப் பாட்டின் ஆட்ட நாயகி மெக் வைட்.