ஏணியா, மரமா?

கூனிய குரங்கு ஒன்று. அதன் முன்னே சற்று நிமிர்ந்த வாலில்லாக் குரங்கு. அதற்கும் முன்னே மயிரடர்ந்த ஆதிமனிதன். எல்லோருக்கும் முன்னே நிமிர்ந்து நடக்கும் இன்றைய மனிதன். இவ்வரிசைப் படத்தைக் காணாத மாணவர் அரியர். பரிணாமம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது இதுவே. ஆயின், பரிணாமத்தைப் பிழைபடக் கற்பிப்பதும் இதுவே.

இதன் மூலப்படம், டைம்-லைஃப் வெளியீடாக 1965-இல் வந்த ‘ஆதி மனிதன்’ என்னும் ஆங்கில நூலில் உள்ளது. நூலாசிரியர் கிளார்க் ஹோவெல். ஓவியர் ருடால்ஃப் சாலிங்கர். பதினைந்து உருவங்களையும் ஓவியர் உயிரோட்டத்துடன் தீட்டியுள்ளார். இவற்றுள் சில நம் நேர் முன்னோர் அல்ல, பக்கக் கிளைகள் என்று படத்துடன் உள்ள குறிப்பே கூறுகிறது. நாலுகால் விலங்குகளையும் ஒப்பீட்டுக்காகவே நிற்க வைத்திருப்பதாகவும் அது சொல்கிறது. ஆனால் கண் வரிசையைக் காண்கிறது. குறிப்பை யார் படிக்கிறார்கள்? பின்னர் இதைப் பார்த்து வரைந்தோர் குறிப்பை விட்டுவிட்டு வரிசையை மட்டுமே எடுத்துக்கொண்டனர்.

இவ்வரிசையில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, ஓரினம் மறைந்தபின் அடுத்த இனம் தோன்றியது போல் காட்டுவது. உண்மையில் நியண்டர்தால் மனிதரும் நம் இனத்தாரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். மற்றொன்று, பரிணாமம் மனிதனை நோக்கியே ஏறி வந்தது போல் காட்டுவது. இயற்கைத் தேர்வுக்கு இலக்கு எதுவும் இல்லை. ஓரினத்து உயிர்களிடையே வேறுபாடுகள் உண்டு. சூழலுக்குப் பொருந்தும் வேறுபாட்டை உடையவை மிகுதியாகச் சந்ததி விட்டுச் செல்கின்றன. அவ்வேறுபாடு மரபுவழி பரவுகிறது. மெக்சிகோவின் இருட்குகைகளில் வாழும் மீன்கள் கண்களை இழந்தன; அதுவும் பரிணாமமே.

1859-இல் டார்வின் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் ஒரே ஒரு வரைபடம்தான் உண்டு. அது ஏணி அன்று, கிளைவிடும் கோடுகள். சில கிளைகள் வளர்கின்றன. பல இடையில் நின்றுவிடுகின்றன. அழகில் குறைந்த அப்படமே உண்மையில் மிகுந்தது.

“குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்குகள் இருப்பானேன்?” என்னும் கேள்வி அந்த ஏணிப் படத்திலிருந்தே பிறக்கிறது. மரத்தை வரைந்து காட்டினால் விடை எளிது. இன்றைய குரங்குகள் நம் பாட்டன்மார் அல்ல. ஒரே மூதாதையின் வழிவந்த பங்காளிகள். ஆசிரியர்கள் அடுத்தமுறை கரும்பலகையில் ஏணியை விடுத்து மரத்தை வரைவார்களாக!